பவளத் தொட்டியில் பாறை அடுக்குவது: தண்ணீருக்கு வழி விடுங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்; பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று அமைக்கிறீர்கள். 40 கிலோ உலர்பாறை (உயிர் எதுவும் ஒட்டாத காய்ந்த பாறை) வாங்கிவிட்டீர்கள். பின்பக்கக் கண்ணாடியை ஒட்டிச் சுவர்போல அடுக்கி, அதன்மேல் பவளங்களை வைப்பது திட்டம். பழைய கணக்குப்படி இந்தப் பாறை போதாது என்று நண்பர் சொன்னதால், இன்னும் 20 கிலோ வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். மணல் முதலா, பாறை முதலா என்பது இரண்டாவது கேள்வி. நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் உயிர்ப்பாறை கொஞ்சமாவது வேண்டுமா என்பது மூன்றாவது.

இன்னும் பாறை வாங்க வேண்டாம். கையில் இருக்கும் 40 கிலோவிலும் 25 கிலோவுக்கு மேல் தொட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்சுவர் யோசனையைக் கைவிடுங்கள். பாறை முதலில், மணல் பிறகு. உயிர்ப்பாறை கிடைத்தால் ஒரு கை அளவு போதும். நேரடியான பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் மனத்தில் பதியாவிட்டால், அடுக்கும்போது இன்னும் ஒரு கல், இன்னும் ஒரு கல் என்று கை தானாக ஏற்றிக்கொண்டே போகும். பதினாறு ஆண்டுகளில் ஐந்து தொட்டிகள் அமைத்திருக்கிறேன். முதல் இரண்டும் அப்படித்தான் கெட்டன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நண்பர் சொன்ன கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களும் காற்றுக் குமிழியும் சூரிய ஒளியும் இருந்தால் தொட்டியில் பவளம் வாழும் என்று 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். அதற்குப் பிறகு ஜெர்மனியில் உருவான 'பெர்லின் முறை', உயிர்ப்பாறையோடு, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் வலுவான விளக்கையும் சேர்த்தது. தனியாக வடிகட்டிப் பெட்டி கிடையாது, பாறையே வடிகட்டி. அமெரிக்காவில் இந்த முறை பரவியபோது, ஒரு கேலன் தண்ணீருக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு பாறை என்ற விதி நிலைத்துவிட்டது. நம் கணக்கில் லிட்டருக்கு 120 முதல் 240 கிராம். உங்கள் தொட்டியின் வெளிக்கணக்கு சுமார் 450 லிட்டர். அந்த விதிப்படி 54 கிலோ முதல் 108 கிலோ வரை கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டினால் மீனுக்கு நீந்த இடம் இருக்காது.

அந்த விதியின் குறை, அது எடையை அளப்பதுதான். பாறையில் வேலை செய்வது எடை அல்ல, பரப்பு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அதனால் தண்ணீர் ஓடித் தழுவும் மேற்பரப்பில்தான் அவை குடியிருக்கும். ஆக்சிஜன் குறைந்த உள்துளைகளில் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடும். இந்த இரண்டாவது வேலைக்கும் வெளித் தண்ணீர் மெல்ல உள்ளே கசிய வேண்டும். ஒரு கல்லின் முகம் இன்னொரு கல்லில் அப்பிக்கிடந்தால், அல்லது மணலில் புதைந்துகிடந்தால், அந்த முகம் செத்த முகம். நுண்துளை நிறைந்து, நான்கு பக்கமும் தண்ணீர் படும் 20 கிலோ பாறை, குவித்துவைத்த 60 கிலோவைவிட நன்றாக உழைக்கும். உங்களிடம் சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சமாகும் கற்களில் சிலவற்றை அதில் போடலாம். நுண்ணுயிர்களுக்கு வீடு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான்.

என் முதல் தொட்டியில் நானும் பின்சுவர்தான் அடுக்கினேன். முதல் நாள் பார்க்க அது கம்பீரமாகத்தான் இருந்தது. ஓராண்டு கழித்து நைட்ரேட் ஏறத் தொடங்கியது. தண்ணீர் மாற்றினால் இறங்கும், பத்து நாளில் மறுபடி ஏறும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ஒரு மீன் காணாமல் போனது; சுவருக்குப் பின்னால் செத்துக்கிடந்திருக்கிறது, கை போகவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் பிரித்தபோது, சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் ஆழத்துக்குக் கறுத்த சேறு படிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளின் தீவன மிச்சமும் கழிவும் அங்கே போய் ஒதுங்கியிருந்தன. தண்ணீர் போகாத இடத்துக்குக் குப்பை மட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இயற்கையான பவளத்திட்டுகள் பல சுவர்போல நிற்பதில்லை. அலை மோதும் முகப்பில் பவளம் மேடுமேடாக, விரல்களைப்போலக் கடலை நோக்கி நீண்டிருக்கும். விரல்களுக்கு இடையே மணல் படிந்த வாய்க்கால்கள் ஓடும். மோதித் திரும்பும் அலை அந்த வாய்க்கால்கள் வழியாகத்தான் மணலையும் உடைசலையும் வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. அவை அடைபட்டால் பவளம் மணலில் மூழ்கிச் சாகும். நம் தொட்டியிலும் முதலில் வாய்க்காலைத் தீர்மானிக்க வேண்டும். பாறை அதன் இரு கரை.

இடைவெளி விட இன்னொரு காரணம், பவளம் வளர்கிறது என்பது. கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். அடுக்கும்போது யாரும் நினைவில் வைப்பதில்லை. நம் உழவர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு: நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு ஏரோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட. நடும் கன்றின் அளவைப் பார்த்து அல்ல, நாளை அது விரிக்கும் அகலத்தைப் பார்த்து இடம் விடவேண்டும் என்பதுதான் கணக்கு. கடையில் நீங்கள் வாங்கப்போவது கட்டைவிரல் அளவு பவளத் துண்டு. கிளைவிடும் அக்ரோபோரா, கடலில் நல்ல இடம் வாய்த்தால் ஆண்டுக்குப் பத்து செ.மீ.க்கு மேலும் நீளும். உருண்டையாக வளரும் போரைட்டிஸ் ஆண்டுக்கு ஒரு செ.மீ. அளவில்தான் தடிக்கும். தொட்டியில் வேகம் குறையலாம், ஆனால் மூன்று ஆண்டில் அக்ரோபோரா ஒரு தலைப்பாகை அளவுக்கு விரிந்துவிடும். இன்று பாறை தொட்டியை நிரப்பி அழகாகத் தெரிந்தால், மூன்றாம் ஆண்டு பவளத்துக்கு இடமே இருக்காது. இன்று கொஞ்சம் வெறிச்சோடித் தெரியவேண்டும். அந்த வெறுமையைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி என்று நினைக்கிறேன். நண்பர்கள் வந்து "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

இனி அளவுக்கு வருவோம். தரையில் பழைய அட்டை ஒன்றை விரித்து, 122 செ.மீ.க்கு 61 செ.மீ. என்று தொட்டியின் அடிப்பாகத்தை வரையுங்கள். முன்புறமும் இரு பக்கமும் 10 செ.மீ., பின்புறம் 8 செ.மீ. விட்டு உள்ளே இன்னொரு கோடு போடுங்கள். 102க்கு 43 செ.மீ. கிடைக்கும். பாறையின் எந்த நுனியும் இந்த உள்கோட்டைத் தாண்டக் கூடாது. முன்புறம் விட்ட 10 செ.மீ. கண்ணாடி துடைக்கும் காந்தத்துக்கும் உங்கள் கைக்கும். பின்புறத்து 8 செ.மீ. நீரோட்டத்துக்கு. பின்புறம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதைத் தின்றுவிடாதீர்கள். எனக்குச் சேறு படிந்தது அங்கேதான்.

உயரத்துக்கும் ஒரு கோடு வேண்டும். தொட்டி 61 செ.மீ. என்றாலும் கண்ணாடித் தடிப்பும் மேலே விடும் இடமும் போக, தண்ணீர் சுமார் 55 செ.மீ.தான் நிற்கும். பாறையின் உச்சி 33 அல்லது 35 செ.மீ.யில் நின்றுவிட வேண்டும். அதன்மேல் இருக்கும் 20 செ.மீ. உச்சியில் வைக்கும் பவளம் ஏறி வளர. பக்கவாட்டுக் கணக்கை நினைவில் வைத்து மேல்பக்கக் கணக்கை மறப்பவர்கள்தான் அதிகம். பிறகு கிளைகள் தண்ணீர் மட்டத்தைத் தொட்டு நுனி வெளுத்து நிற்கும்.

இந்த 102க்கு 43 பரப்பில் இரண்டு தீவுகள் போதும். ஒன்று பெரிது, ஏறத்தாழ 55 செ.மீ. நீளம். மற்றது அதில் பாதி. நடுவே குறைந்தது 15 செ.மீ. வாய்க்கால். வாய்க்கால் நேர் நடுவில் விழாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். அதை முன்பின் நேராக விடாமல் சற்றுச் சாய்த்துவிட்டால், முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது எங்கே போய் முடிகிறது என்று தெரியாது. இரண்டே அடி அகலத் தொட்டி அதனால் ஆழமாகத் தோன்றும். இரண்டு தீவுகளும் ஒரே உயரமாக இருக்கக் கூடாது. அழகு பற்றி இதற்குமேல் நான் சொல்வதற்கில்லை. உங்கள் கண் உங்களுடையது.

இப்போது கல்லைத் தேர்ந்தெடுங்கள். கடையிலிருந்து வந்த உருண்டைக் கற்களை அப்படியே அடுக்கினால் உருளைக்கிழங்குக் குவியல்போலத்தான் வரும். சுத்தியலும் உளியும் எடுத்து உடைக்கத் துணியுங்கள். உடைத்த முகத்தில்தான் நல்ல கோணங்களும் தட்டையான பலகை வடிவமும் கிடைக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அடியில் வைக்கப் பெரிய, அகன்ற கற்கள் நான்கைந்து. நடுவே தூணாக நிற்கச் சில. மேலே பலகையாக நீள்வதற்குத் தட்டையானவை.

அடுக்கும் விதி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. மூன்று கல் வைத்த அடுப்பில் பானை ஆடாது, இரண்டில் விழும், நான்கில் ஒன்று எப்போதும் குட்டையாக இருந்து தாளம் போடும். ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே மூன்று புள்ளிகளில் தானாக அமர வேண்டும். பசையே இல்லாமல் நின்றுவிட்ட பிறகுதான் பசை. பசையை நம்பி நிற்கும் கல் ஒருநாள் விழும்.

நின்றுவிட்டதா? இனி மூட்டுகளை இறுக்குங்கள். சிறிய மூட்டுக்குச் சூப்பர் குளூ ஜெல்லும், மீன் தொட்டிக்கென்றே விற்கும் இருபகுதி எபாக்சிப் பசையும் சேர்ந்து நன்றாக உழைக்கும்: முதலில் ஜெல், அதன்மேல் பிசைந்த எபாக்சி உருண்டை, அதன்மேல் மறுபடி ஜெல், பிறகு அடுத்த கல்லை அழுத்திப் பிடிக்க வேண்டும். எபாக்சி மட்டும் வைத்தால் ஈரக் கல்லில் சரியாகப் பிடிக்காது. வெளியே நீளும் பலகைக் கல்லுக்குப் பசை போதாது. சுவரில் துளையிடும் டிரில்லால் இரண்டு கல்லிலும் துளைபோட்டு, அக்ரிலிக் அல்லது ஃபைபர் கண்ணாடிக் கம்பியைச் செருகி ஒட்டுங்கள். இரும்போ பித்தளையோ எந்த வடிவிலும் உள்ளே போகக் கூடாது. செம்பு கலந்த உலோகம் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். ஒட்டி முடித்து ஒருநாள் காயவிட்டபின், உச்சிக் கல்லைப் பிடித்துத் தீவையே மெல்லத் தூக்கிப் பாருங்கள். முழுத் தீவும் ஒன்றாக எழ வேண்டும். எங்காவது ஓசை வந்தால் அந்த மூட்டைப் பிரித்து மறுபடி செய்யுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒரு வாரம் அப்படியே அட்டையின்மேல் இருக்கட்டும் என்பேன். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருங்கள். கண்ணுக்கு உறுத்துவது மூன்றாம் நாள்தான் தெரியும்.

பாறை முதலா, மணல் முதலா என்ற கேள்வியில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பாறை தொட்டியின் அடியில் நேராக உட்கார வேண்டும். கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பாறை உட்கார்ந்த பிறகு சுற்றிலும் 3 முதல் 4 செ.மீ. மணல். என் இரண்டாவது தொட்டியில் மணலைப் பரப்பி அதன்மேல் பாறையை வைத்தேன். பிறகு ஒரு கோபி மீனும் அதனோடு சேர்ந்து வாழும் பிஸ்டல் இறாலும் விட்டேன். அந்த இறால் ஓயாது தோண்டும், மீன் வாசலில் காவல் நிற்கும். பார்க்கப் பார்க்க அலுக்காத கூட்டு அது. நான்கு மாதம் பாறைக்கு அடியில் சுரங்கம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நள்ளிரவில் பெருஞ்சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் உச்சிக் கல் முன்கண்ணாடியில் சாய்ந்துகிடந்தது. கண்ணாடி உடையவில்லை, ஐந்தாண்டு வளர்த்த ஹாமர் பவளம் கல்லுக்கடியில் நசுங்கிப்போனது. அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது. பாறை கண்ணாடியில் நேராக நின்றிருந்தால் இறால் எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

குகை அமைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் விடுங்கள். புதிதாக வரும் மீனைப் பழைய மீன் துரத்தும். ஒரே வாசல் உள்ள பொந்தில் புகுந்த மீன் அங்கேயே அடிபட்டுச் சாகும். சர்ஜன் மீன் வகை வளர்க்கும் எண்ணம் இருந்தால், தீவைச் சுற்றி வட்டமடித்து நீந்தப் பாதை வேண்டும். பின்புறத்து 8 செ.மீ. இதற்கும் உதவும்.

வெளிச்சத்தை வைத்துத்தான் பாறையின் தளங்கள் முடிவாகின்றன. கல்பவளங்களின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியிலிருந்து உணவு சமைத்துத் தருகின்றன. அவற்றுக்கு எட்டும் ஒளியை, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியைக் காட்டும் பார் (PAR) மீட்டரால் அளக்கிறோம். அக்ரோபோரா போன்ற சிறுமொட்டுக் கல்பவளங்கள் 200 முதல் 350 வரை கேட்கும். ஹாமர், டார்ச் போன்ற பெருமொட்டு வகைகளுக்கு 75 முதல் 150 போதும். காளான் பவளங்கள் அதற்கும் கீழே நிழலோரத்தில் சுகமாக இருக்கும். உச்சியில் ஒன்றிரண்டு தட்டையான மேடைகள், நடு உயரத்தில் வெளியே நீளும் பலகைகள், அடியில் பலகையின் நிழல் விழும் இடங்கள் என மூன்று தளம் கிடைத்தால் எந்தப் பவளத்தையும் வைக்கலாம். செங்குத்தான முகம் மட்டும் இருந்தால் துண்டை ஒட்டவே இடமிருக்காது. இதுவும் பின்சுவரின் குறைதான். ஒரு பலகை மேல்தளத்துக்கு நேர் கீழே வராமல் சற்று விலகி இருக்க வேண்டும். மேலே உள்ள பவளம் விரியும்போது கீழே உள்ளதன் வெயிலை மறைத்துவிடும்.

பவளங்கள் ஒன்றையொன்று கொட்டும் என்பதையும் தளங்களை அமைக்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். டார்ச் பவளம் பகலில் தெரியும் அளவைவிட இரவில் நீளமான இழைகளை விட்டுத் துழாவும்; கேலக்சியா இன்னும் மோசம், 20 செ.மீ. தள்ளியிருப்பதையும் எட்டிச் சுடும். இப்படிப்பட்டவற்றைச் சுற்றி ஒரு சாண் வெற்றுப் பாறை இருக்கட்டும். படர்ந்து பரவும் பச்சை நட்சத்திரப் பவளம், சீனியா இரண்டையும் பெரிய தீவில் வைக்கவே வைக்காதீர்கள். சில மாதங்களில் பாறை முழுவதையும் கம்பளம் விரித்ததுபோல மூடிவிடும். பிய்த்து எடுக்க முடியாது. மணலின் நடுவே தனியாக ஒரு கல் போட்டு அதில் வையுங்கள். மணல்தான் அதற்கு அகழி.

நீரோட்டம். இரு பக்கக் கண்ணாடியிலும் ஒவ்வொரு அலைப் பம்பு வைக்கப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாறை இருக்கும் நிலையில் தண்ணீரை நிரப்பி, பம்புகளை ஓடவிட்டு, ஒரு சிட்டிகை தீவனத்தூளைத் தூவிப் பத்து நிமிடம் கவனியுங்கள். தூள் எங்கே போய்த் தங்குகிறதோ அங்கேதான் நாளைக்குச் சேறு சேரும். பம்பைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் தங்கினால் அந்தக் கல்லைத் திருப்புங்கள். மீன் விடும் முன் இதைச் செய்ய அரைநாள். பிறகு செய்தால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கையும் குறித்துவையுங்கள். 450 லிட்டர் தொட்டியில் கண்ணாடித் தடிப்பு, மேலே விட்ட இடம், பாறை, மணல் எல்லாம் போக நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 360 லிட்டர்தான். உப்போ கால்சியமோ மருந்தோ எதை அளந்து போட்டாலும், இந்த எண்ணோடு சம்பில் நிற்கும் தண்ணீரையும் கூட்டித்தான் போட வேண்டும்.

உயிர்ப்பாறை பற்றிய கேள்விக்கு வருகிறேன். உலர்பாறையில் நுண்ணுயிர் மெல்லத்தான் குடியேறும்; உயிர்ப்பாறையில் நுண்ணுயிரோடு இளஞ்சிவப்புப் பாசி, பஞ்சுயிரி, சிறு புழுக்கள், கண்ணுக்கு எட்டாத ஓட்டுயிர்கள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. அந்தப் பன்மை தொட்டியை நிலைப்படுத்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஐப்டேசியா என்ற கொட்டும் களைச் செடி போன்ற உயிரி, குமிழ்ப்பாசி, இரவில் வேட்டையாடும் நண்டு, ஓங்கி அடித்து நத்தையை உடைக்கும் மான்டிஸ் இறால் எல்லாமும் அதே பாறையில்தான் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து ஒன்றிரண்டு கிலோ உடைகல் வாங்கிச் சம்பில் போட்டாலே போதும். விதைநெல் அவ்வளவு இருந்தால் நாற்று வந்துவிடும். முகர்ந்து பாருங்கள்: நல்ல பாறைக்குக் கடற்கரை வாசம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வாங்காதீர்கள்.

இங்கே கண்டிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பூச்சி வந்துவிட்டதே என்று யாராவது பாறையை வெந்நீரில் வேகவைக்கச் சொன்னால் செய்யாதீர்கள். பொத்தான் போன்ற மொட்டுகளாகப் படரும் சில சோயந்திட் பவளங்களில், குறிப்பாகப் பாலித்தோவா என்ற வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டிய பாறையைக் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வறண்ட பாறையைத் தேய்த்துத் தூசியைக் கிளப்புவதும் அப்படியே. உயிருள்ள பாறையைத் தொடும்போது கையுறை போடுங்கள். கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால், கடற்கரையில் கிடக்கும் பவளக்கல்லைக்கூடத் தொட்டிக்கு எடுத்துவராதீர்கள். நான் தூத்துக்குடியில் வளர்ந்தவன். எங்கள் தாத்தா வீட்டுச் சுவரில் முருகைக்கல் இருந்தது. கடலிலிருந்து வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அன்றைக்கு அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. மன்னார் வளைகுடாவில் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தபோது எண்ணிய 21 தீவுகளில், விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் பிறகு நீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2001 முதல் கல்பவளங்களும் விசிறிப் பவளங்களும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. செத்த எலும்புக்கூடுதானே என்ற சமாதானம் சட்டத்தின்முன் நிற்காது, என் மனத்திலும் நிற்கவில்லை. சிமென்டிலும் பீங்கானிலும் செய்த செயற்கைப் பாறையே அங்கே சரி. சிமென்டுப் பாறையைச் சில வாரங்கள் நன்னீரில் ஊறவைத்து, பிஎச் இறங்கிய பிறகு பயன்படுத்துங்கள். கல்பவளத்துக்கும் அதே சட்டம்தான் என்பதால், மேலே அவற்றைப் பற்றிச் சொன்னவை உங்களுக்குப் பொருந்தா. வெளிநாடு என்றால், உயிர்ப்பாறையும் கல்பவளமும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருபவை. அனுமதித் தாளோடு விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள். ஃபுளோரிடாவில் நல்ல வழி ஒன்று கண்டிருக்கிறார்கள். அங்கே கூட்டாட்சிக் கடற்பகுதியில் இயற்கைப் பாறை எடுப்பது 1997 முதல் இல்லை. குத்தகைக்கு எடுத்த கடலடியில் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டி, உயிர் படிந்த பிறகு அதையே எடுத்து விற்கிறார்கள். கிடைத்தால் அதை வாங்குங்கள்.

மற்றது பொறுமை. உலர்பாறையை அடுக்கியபின் பாட்டில் நுண்ணுயிரும் லிட்டருக்கு 2 மி.கி. அளவில் அம்மோனியாவும் விட்டு, விளக்கைப் போடாமல் ஓடவிடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யமாகும் வரை மீன் வேண்டாம், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரம். சில உலர்பாறைகள் பாஸ்பேட்டைக் கசியவிடும்; வாளியில் ஊறவைத்து முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். முதல் சில மாதங்களில் பாறை பழுப்பாகும், பச்சையாகும், சிலநேரம் சிவந்த சவ்வு படரும். அந்த நாட்களில் பாறையைக் கழற்றித் தேய்க்கவும் மாற்றி அடுக்கவும் கை துடிக்கும். ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் நுண்ணுயிர்களின் குடியிருப்பு குலைகிறது. நத்தைகளை விட்டு, தண்ணீரை மாற்றி, காத்திருங்கள். இளஞ்சிவப்புப் பாசியின் பொட்டு முதலில் எங்காவது நிழலோரத்தில் தெரியும்.

மிச்சமாகும் 15 கிலோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்தாறு கிலோ சம்புக்குப் போகட்டும். மூன்று நான்கு தட்டைக் கற்களைத் தனியே எடுத்துவையுங்கள்; பரவும் பவளத்துக்கு அகழித் தீவாகவும், நோயுற்ற மீனைப் பிரித்துவைக்கும் தொட்டிக்கும் வேண்டியிருக்கும். ஒட்டத் தொடங்கும் முன் அட்டையின்மேல் அடுக்கியதை முன்னாலிருந்தும், முக்கியமாகப் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பக்கவாட்டுப் படத்தில் பின்னால் வெளிச்சம் தெரிகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.